உன் அக்காவின் காது மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

வெண்ணந்தூர்,
சனிக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை முருகானந்தத்துக்கு மச்சான் சென்னிமலை எழுதுவது. இங்கு நானும், உன் அக்கா ராமாத்தாளும், எட்டுத் தறிகளும் சௌக்கியம். குமாரபாளையத்தில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் அந்த மிஷின் ஒட்டுக்கேட்டுவிடும். அதனால்தான்.

முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிப்போன அக்காவுக்கு நீ நல்ல எண்ணத்தோடுதான் மிஷின் வாங்கித் தந்தாய். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மாட்டிவிட்ட வெண்ணிலா என்கிற பெண், "போனோடயும் சேர்த்துக்கலாமுங்க" என்றாளே, அப்போதே எனக்குச் சுருக்கென்றது. காதில் மாட்டுகிற சாமானுக்குப் போனோடு என்ன சகவாசம்? கேட்டதையெல்லாம் யாருக்கு அனுப்புகிறது? உனக்கா?

உன்னிடம் மறைப்பானேன். இத்தனை வருஷமும் என் மனக்குறையை அவள் முகத்தைப் பார்த்தே முணுமுணுத்து ஆற்றிக்கொள்வேன். சந்தேகம் வரக்கூடாதென்று சிரித்துக்கொண்டே திட்டுவேன். அவளும் சிரிப்பாள். எங்களைப் போலச் சண்டை சச்சரவில்லாத குடும்பம் இந்த ஊரிலேயே கிடையாது. அதற்குத்தான் நீ வேட்டு வைத்துவிட்டாய்.

மிஷின் வந்த அன்றே நான் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டேன், உதடு மட்டும்தான் அசையும், அப்படியிருந்தும் போன செவ்வாய்க்கிழமை ரசத்தை வாயில் வைத்துவிட்டு, சிரித்த முகமாக, "கழனித்தண்ணி" என்று உதட்டோடு சொன்னேன், "நாளையிலிருந்து நீங்களே வெச்சுக் குடிங்க" என்கிறாள்! புதன்கிழமை உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன் (என்னவென்று கேட்காதே), "என்ர தம்பிய ஏனுங்க இழுக்கறீங்க?" என்கிறாள். பாழாய்ப்போன மிஷின் மூச்சுக்காற்றைக்கூடப் பிடிக்கிறதோ என்று நேற்றுத் தறிப்பட்டறையிலேயே சோதித்துப் பார்த்தேன். எட்டும் ஓடுகின்றன, இடி விழுந்தாலும் கேட்காது, தறி ஓட்டுகிற மயில்சாமியிடம் வாயசைத்துத்தான் டீ வாங்கிவரச் சொன்னேன். அவன் போனதும், கடைசித் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த உன் அக்காவைப் பார்த்து, "கருமி" என்றேன். அங்கிருந்தே, "ஆருங்க கருமி? உங்க தங்கச்சிக்குப் பட்டு எடுத்தது ஆரு?" என்று வாயசைக்கிறாள். எனக்கு எழுத்துக்கு எழுத்துப் புரிந்தது.

அந்த இரைச்சலில் எந்தக் காதும் வேலை செய்யாது மாப்பிள்ளை. இது மனசுக்குள் இருப்பதைப் படிக்கிற மிஷின். கடிதம் கண்டதும் வந்து, சர்வீஸுக்கு என்று சொல்லி எடுத்துப் போய்விடு. இல்லாவிட்டால் முப்பது வருஷக் குடித்தனம் சந்தி சிரித்துவிடும், எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அத்தனூர் அம்மன் உங்களைக் காக்கட்டும், என்னையும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
சென்னிமலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் பீரோவைத் திறந்தால், மிஷின் அங்கே டப்பாவில் தூங்குகிறது! பத்து நாளாக அங்கேதானாம். காதை முடி மறைத்ததில் நான் கவனிக்கவில்லை. "அப்புறம் எப்படிடீ?" என்றேன். "தறிக்காரிக்கு உதட்டப் படிக்கச் சொல்லித் தரோணுமாக்கும்? முப்பது வருசமா நீங்க பேசுனது அத்தனையும் தெரியுமுங்க. பதில் சொன்னாச் சண்டை வருமேன்னு உட்டுட்டேன். இப்பத்தான் மிஷின் மேல பழியப் போட்டுக்கலாமில்லீங்க?" என்றாள். "பின்னே எதுக்கு மிஷின்?" என்றேன். "உதடு தெரியுதுங்க, உங்க கொரலு மறந்துபோச்சு. அதைக் கேக்கோணும்னுதான் தம்பிகிட்டக் கேட்டேன். மாட்டுன அன்னைக்கே நீங்க சத்தத்த நிறுத்திப்போட்டீங்க. இனி எதுக்குன்னு கழட்டி வெச்சுட்டேன்."

வெட்கமாகப் போய்விட்டது மாப்பிள்ளை. மிஷினை எடுக்க வராதே. வந்தால் பேட்டரியோடு வா. இப்போது அதை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பேசச் சொல்கிறாள். எனக்குத் திட்டுவதைத் தவிர ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் இந்தக் கடிதத்தையே உரக்கப் படித்துக் காட்டினேன். "கழனித்தண்ணி" வந்ததும் நிறுத்தி, "இன்னொருக்காப் படிங்க" என்றாள்.