அசையாதவர்களை மட்டும் பார்க்கும் லென்ஸ்

மதிப்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் லென்ஸ் முதலாளியின் ஆள். இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் நலம் விசாரிக்கிறேன். சித்தி நலமா? உங்கள் மூட்டுவலி தேவலையா? இங்கே நானும் அக்காவும் நலம். அக்காவுக்குப் பத்து விரலும் இன்றுவரை இருக்கின்றன.

கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அண்ணன் பிள்ளைக்கு வேலை பிடித்துத் தருகிற சூப்பர்வைசரா நீங்கள்? போதாததற்கு ஆபீஸ் லென்ஸைத் துடைத்து என் கேமராவில் மாட்டியே கொடுத்தீர்கள். "கை நடுங்கினாலும் படம் ஆடாதுடா. உள்ள இருக்கிற கண்ணாடி தானா நகர்ந்து சரி பண்ணிக்கும். வெளிச்சம் கம்மியா? ஷட்டர் வேகத்தைக் குறைச்சுக்கோ, மிச்சத்தை லென்ஸ் பாத்துக்கும்" என்றீர்கள். நீங்கள் வேகத்தைக் குறைக்கச் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அதுவும் மனுஷங்களிடம் இல்லை, கேமராவிடம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி அறையில் ஃப்ளாஷ் இல்லாமல், ஸ்டாண்ட் இல்லாமல் எடுத்த படத்தில் அவர் மீசையை முடி முடியாக எண்ணலாம். அதன் பிறகுதான் அட்டை வெட்டும் கூடம், ஆறு டியூப்லைட்டில் நாலைக் கழற்றி வைத்திருக்கிறீர்களே, அங்கே போனேன். அக்கா காதோரம் வந்து, "டேய், எங்க மெஷினையும் ஒண்ணு எடு. கத்திக்கு மூடியே இல்லாம ஓட்டச் சொல்றாங்கன்னு தொழிற்சாலை ஆய்வாளர்கிட்ட புகார் குடுத்திருக்கேன், அவர்கிட்ட காட்டணும்" என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். லென்ஸ் உள்ளே ஏதோ முணுமுணுத்தது. யாரிடமோ போட்டுக்கொடுக்கிற சத்தம் மாதிரியே இருந்தது. படத்தைப் பார்த்தால் மெஷின் பளிச், சுவர் பளிச், 'பாதுகாப்பே முதல்' போர்டு பளிச்சோ பளிச். அக்கா மட்டும் சாம்பல் நிறப் புகை.

அந்தப் படத்தைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். ஆய்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இது யாரு?"

"எங்க அக்கா, சார்."

"ஆளா இது? ஆவி மாதிரில்ல இருக்கு. மெஷின் நிக்கும்போது துடைக்க மூடியைக் கழட்டியிருப்பாங்க. போயிட்டு வாப்பா."

வேறு ஆதாரம் இல்லையென்றால் திங்கட்கிழமை புகாரைத் தள்ளுபடி செய்துவிடுவாராம்.

யோசிச்சுப் பாருங்க சித்தப்பா. எடுக்கிறவன் கை ஆடினா லென்ஸ் பதறிப்போய்ச் சரி பண்ணுது, எதிர்ல இருக்கிறவங்க அசைஞ்சா அதுக்கு ஒரு கவலையும் இல்ல. உக்காந்திருக்கிறவருக்கு முகம் இருக்கு, வேலை செய்யறவளுக்கு இல்ல. ஷட்டர் வேகத்தை ஏத்தியிருந்தா படம் இருட்டாத்தான் வந்திருக்கும், ஆனா அக்கா கையாவது கையாத் தெரிஞ்சிருக்கும். இது தெரிஞ்சுதானே குறைக்கச் சொன்னீங்க? இனிமே இந்த லென்ஸை என் கேமராவுல ஏத்த மாட்டேன், இதோ கட்டித் திருப்பி அனுப்பறேன்.

சித்திக்கு என் வணக்கம். நீங்கள் நோய்நொடி இல்லாமல், முழுசாகப் பத்து விரல்களோடு நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: பார்சலை ஒட்டப் போகும்போது அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூலையில் தூணோரம் ஒருவர். அந்தக் கூடத்தில் எந்த வேலையும் செய்யாமல் அசையாமல் நின்ற ஒரே ஆள், அதனால் சட்டைப் பித்தான்வரை தெளிவு. கக்கத்தில் கத்தியின் மஞ்சள் மூடி. தலைக்கு மேலே, மெஷின் ஓடும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்கு. லென்ஸைப் பற்றி மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். அது இங்கேயே இருக்கட்டும். திங்கட்கிழமை இந்தப் படத்தோடு போகிறோம். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள் சித்தப்பா, உங்க கக்கத்துல இருக்கிற அந்த மூடியை எப்ப மாட்டப் போறீங்க?