கோந்தையாவுக்கு ஒதுக்கப்பட்ட அரை நிமிடம்

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அங்கே உடம்பை வளர்க்கவும் உத்தரவு வேண்டும், குறைக்கவும் உத்தரவு வேண்டும். குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் முதல் காரியம் உத்தரவு இல்லாமலேயே வெகுகாலமாகச் செவ்வனே நடந்து வந்தது. இரண்டாவது காரியத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது.

இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். போகும்போது தொளதொள சட்டை. வரும்போது மூச்சை இழுத்து விட்டால் தையல் பிரிகிற சட்டை. கையிலே இதயத் துடிப்பை எண்ணிச் சொல்கிற கடிகாரம். மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் புரோட்டீன் பவுடர் கலக்கிக் குலுக்குகிற டப்பா. “ஊழியர் நலனைக் கருத்தில் கொண்டும், பொதுமக்கள் சேவை மேம்படும் பொருட்டும்” தரைத்தளத்தில் பொதுமக்கள் காத்திருக்கும் கூடம் ஜிம்மாக மாற்றப்பட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பொதுமக்களுக்கு மாற்று ஏற்பாடாக மாடிப்படிகள் ஒதுக்கப்பட்டன. ஆளுக்கு ஒரு படி. கைக்குழந்தையோடு வந்தால் ஒன்றரைப் படி.

இதில் மனசாரச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் தபால் பிரிவில் இருந்த கோந்தையா.

அப்பா அம்மா வைத்த பேர் வேறு. வருஷக்கணக்காக உறை ஒட்டி ஒட்டி, கோந்தையா என்று ஆகிவிட்டது. உட்கார்ந்தால் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார் என்பதாலும் அந்தப் பேர் நிலைத்தது. போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது, பேத்தி “தாத்தா தூக்கு” என்று இரண்டு கையையும் நீட்டினாள். இவரும் ஆசையாகக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தவர்தான். மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அவரை மேசை தூக்குவது மாதிரி தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது மகள் குழந்தையிடம் ரகசியம் மாதிரி சொன்னது இவர் காதில் விழுந்தது: “தாத்தாவைத் தூக்கச் சொல்லாதே கண்ணு. தாத்தாவுக்கு முடியாது.”

முதுகு வலி மாத்திரைக்குப் போய்விட்டது. அந்த ‘முடியாது’ மட்டும் போகவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வருவதற்குள் அந்தக் குழந்தையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். அவருடைய லட்சியம் அவ்வளவுதான்.

ஜிம்முக்கு ஒரு மாஸ்டரைப் போட்டிருந்தார்கள். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு. கோந்தையா போய், எடை தூக்குகிற பயிற்சியை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“முக்கால் மணி நேரம் தாராளம்ணே. கம்மி எடையில ஆரம்பிங்க, வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்க. அதுக்கு மேல நின்னா அது பயிற்சி இல்ல, அரட்டை.”

“இது எந்த உத்தரவுல இருக்கு தம்பி?”

“உடம்புக்கு எதுக்குண்ணே உத்தரவு?”

கோந்தையாவுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வெளி ஆள், அனுபவம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். வாய்ச்சொல்லை நம்பி அவர் ஒரு உறையைக்கூட ஒட்டியவர் இல்லை. முக்கால் மணி நேரம் என்று இவன் சொல்கிறான். நாளைக்கு யாராவது வந்து அரை மணிதான் அனுமதி, மீதிக் கால் மணியை எந்த அதிகாரத்தில் தூக்கினீர் என்று கேட்டால்? நேராக இடத்துக்கு வந்து, “மேற்படி பயிற்சியின் கால அளவு குறித்துத் தெளிவுரை வழங்குமாறு பணிந்து வேண்டுகிறேன்” என்று ஒரே ஒரு வரி எழுதி மேலே அனுப்பினார்.

இந்த ஒரு வரிதான் வினை.

கண்காணிப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு நல்ல கேள்வி என்றார். ஒரு அலுவலகத்தில் கேள்வி நல்லதாகிவிட்டால் பதிலுக்கு ஆயுசு கெட்டி. உடனடி நடவடிக்கையாக ஓர் இடைக்கால ஆணை வந்தது: கால அளவு இறுதி செய்யப்படும் வரை ஒருவரும் எடையைத் தொடக்கூடாது. ஜிம்முக்கு வரலாம், கையெழுத்துப் போடலாம், கண்ணாடி பார்க்கலாம். அது போதும் என்று எல்லோரும் தவறாமல் வந்தார்கள். இறுக்கமான சட்டை அலுவலகம் முழுக்கப் பரவியது. கண்காணிப்பாளர் அம்மா புடவைக்குக் கீழே ஓட்டப் பயிற்சி ஷூ போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தார். நாற்காலியில் சட்டையை மாட்டிவிட்டு வெளியே போகிற பழக்கமுள்ளவர்கள், இப்போது இயந்திரங்களில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கோந்தையாவுக்குத்தான் அது போதவில்லை. விடுமுறை நெருங்குகிறது; எடையைத் தொட முடியவில்லை. தெளிவுரை சீக்கிரம் வந்தால்தான் உண்டு என்று, அந்தக் கோப்பைத் தானே சுமந்து மாடிமாடியாகக் கொண்டுபோனார். லிஃப்ட் இல்லையா என்றால், இருந்தது. “பயிற்சியினால் களைப்புற்ற அலுவலர்களின் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று அதன்மேல் ஒட்டியவரே அவர்தான்.

முதலில் அது ஒற்றைத் தாள். அப்புறம் ஒவ்வொரு மேசையிலும் அதற்குச் சதை பிடித்தது. ஒருவர் மதிய உணவு இடைவேளைக்கான விதிகளைச் சேர்க்கச் சொன்னார், இரண்டும் உடம்பு சம்பந்தப்பட்டது என்பதால். இன்னொருவர், நடுவிலே இளைப்பாறுகிற நேரம் பணியா விடுப்பா என்று கேட்டு முன்னுதாரணங்களைக் கட்டுக்கட்டாக இணைக்கச் சொன்னார். கணக்கு அதிகாரியோ, எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். “எடை, எடை என்று கோப்பு முழுவதும் காணப்படுகிறது. எடையின் மாதிரி இணைக்கப்படவில்லை” என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

கோந்தையா ஜிம்முக்குப் போய்ச் சின்ன டம்பெல் ஒன்றை வாங்கிவந்து கோப்போடு கட்டினார். கட்டிக்கொண்டுபோனால், ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பது பாரபட்சம், அடுத்த அளவும் வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் அடுத்தது. அதற்கடுத்த வாரம் இரும்புத் தட்டு. நாடா அறுந்தது, துணி காயப்போடுகிற கயிற்றால் கட்டினார். முதலில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர், பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார், கடைசியில் தோளில் ஏற்றினார். தபால் பிரிவிலிருந்து இயக்குநர் அறைக்கு ஏறி, மேசை மேசையாக முத்திரை வாங்கி இறங்கிவர முக்கால் மணி நேரம் ஆனது. தினமும்.

படியில் உட்கார்ந்திருந்த பொதுமக்கள் அவர் வரும்போதெல்லாம் எழுந்து வழி விட்டார்கள், போனதும் உட்கார்ந்தார்கள், இறங்கும்போது திரும்ப எழுந்தார்கள். ஒரு வார்த்தை முணுமுணுத்தது கிடையாது. தண்ணீர் இணைப்புக் கோப்புதான் மேலே போகிறது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கோப்பு இயக்குநர் முன்னால் வந்து உட்கார்ந்தது. மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. மேலதிகாரியைவிடக் கீழே இருப்பவர் அதிக நேரம் எடை தூக்குவது நிர்வாக ஒழுங்குக்கு உகந்ததல்ல என்று எல்லோரும் ஒருமனதாக எழுதியிருந்தார்கள். ஆகவே முதலில் இயக்குநரின் கால அளவு தெரிய வேண்டும். அவரே பெரிய மனதுடன் ஜிம்முக்கு இறங்கி, எடை இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது நிமிடத்தில் கடிகாரம் கூவியது. அவரும் கூவினார்.

ஆணை பிறந்தது. இயக்குநருக்கு ஐந்து நிமிடம். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, கோந்தையாவுக்கு அரை நிமிடம். அவருக்கும் கீழே வாசல் காவலாளி ஒருவர் இருந்தார். அவர் ஜிம்மைக் கடந்து போகலாம், திரும்பிப் பார்க்கக்கூடாது.

மகள் வருகிற அன்றைக்குத்தான் கோந்தையாவின் முறை வந்தது. ஜிம்மில் தூக்க ஒன்றும் இல்லை, எல்லா எடையும் கோப்பில் இருந்தது. வெறுங்கையை ஏற்றி இறக்கினார். மாஸ்டர் விசிலை ஊதி, “முடிஞ்சுதுண்ணே” என்றான், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

தலை தொங்க வீட்டுக்குப் போனார். வாசலிலேயே பேத்தி நின்றாள். ஓடி வந்தவள் பாதி வழியில் அம்மா சொன்னது ஞாபகம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதை அவரும் பார்த்துவிட்டார். முதுகு போனால் போகட்டும் என்று குனிந்தார்.

“அப்பா, வேண்டாம்” என்று மகள் அலறுவதற்குள் குழந்தை அவர் தோளில் இருந்தாள். அவளை நெஞ்சோடு அணைத்து, தோளுக்கு ஏற்றி, வாசல் படியும் ஏறிவிட்டார். அவர் மனைவி முகவாயில் கை வைத்துக்கொண்டு, “உங்க ஆபீஸ்ல அப்படி என்னங்க குடுத்தாங்க?” என்றார்.

“அரை நிமிஷம்” என்றார் கோந்தையா. அவருக்கும் அதுதான் புரிந்தது.

செய்தி அலுவலகத்துக்கு எட்டியது. அரை நிமிடப் பயிற்சியின் மகத்தான வெற்றி என்று விழா எடுத்தார்கள். இயக்குநர் முக்கி முக்கி இழுத்தும் மேடைக்கு வராத மேசையைக் கோந்தையா ஒருவரே நகர்த்திப் போட்டார்; கைதட்டல் ஓயவில்லை. ஊரெல்லாம் அரை நிமிடப் பைத்தியம் பிடித்தது. அரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, அரை நிமிடம் கையை ஆட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் படம் பிடித்துப் போனார்கள். முக்கால் மணி நேரம் என்று சொல்லிப் பார்த்த மாஸ்டரும், கடைசியில் ஜிம் வாசலில் “இங்கு அரை நிமிடம் மட்டும்” என்று பலகை மாட்டிப் பிழைத்தான். கோப்பு முடிந்துவிட்டது என்று ஆவண அறைக்குப் போனது, எடைகளோடு.

கொஞ்ச நாள் கழித்து, கீழே விழுந்த கோந்துப் புட்டியை எடுக்கக் குனிந்த கோந்தையா பாதியில் நின்றார். அதே இடம், அதே பிடிப்பு. சுவரைப் பிடித்து நிமிர்ந்து, சாய்ந்தபடியே வெகுநேரம் யோசித்தார். அரை நிமிடத்தை ஒரு நாளும் தவறவிடவில்லை. அப்படியானால் நின்றுபோனது எது? வெறும் தோளைத் தடவிப் பார்த்ததும் புரிந்தது.

மெல்லப் படியேறினார். மேலே இருந்த அந்த ஆவண அறையின் சாவி யாரிடம் என்று விசாரிக்கலாம் என்றுதான் கிளம்பினார். நடுப்படியில் இருந்த பெரியவர் ஒருவர் அவரை நிறுத்தினார்.

“என்ன கோந்தையா, கோப்பு இப்பல்லாம் வர்றதில்லையே?”

“முடிஞ்சு போச்சுங்க.”

“ஐயோ, முடிச்சுட்டீங்களா? நீங்க போக வர நாங்களும் எழுந்து எழுந்து உட்காருவோம். முழங்கால் வலி காணாமப் போயிருந்தது. இப்ப எல்லாருக்கும் திரும்பப் பிடிச்சுக்கிச்சு. வேற ஏதாவது கோப்பு இருந்தா பாருங்களேன்.”

சுற்றி இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தண்ணீர் இணைப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கோந்தையா திரும்பித் தன் இடத்துக்கு வந்தார். அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் குழந்தை இன்னும் கனத்துவிடுவாள். போன தடவைபோல லேசான கேள்வி இதற்குத் தாங்காது. பேனாவைத் திறந்து, நன்றாக யோசித்து, மேலே “மிக அவசரம்” என்று எழுதிக்கொண்டு தொடங்கினார்:

“மேற்படி அரை நிமிடப் பயிற்சிக்குப் பின் எடுக்கவேண்டிய ஓய்வின் கால அளவு குறித்து…”