நாற்பத்தெட்டுப் பேர் பார்த்த அருவி

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி வெள்ளைத்துரை, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து, மனைவி சந்திரவல்லிக்கு அருவி காட்டுவது என்று தீர்மானித்தார். மலைமேல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் அருவி. ஊரே பார்த்துவிட்டது; கடையைப் பூட்டத் தெரியாத மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட அந்த அம்மாளுக்குத்தான், பாவம், கொடுத்துவைக்கவில்லை.

அனுமதிச் சீட்டு ஆன்லைனில். 'ஆட்கள்: 2' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அங்கேதான் வந்தது வினை. ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலையேற்றிப் பழகிய விரல் அவருடையது. எண் ஏற ஏற, எவனோ போட்டிக்கு வருகிறான் என்று ரோஷம் வந்துவிட்டது. விடாமல் தட்டினார். நாற்பத்தெட்டோடு எண் நின்றது.

"பய ஒதுங்கிட்டான்!" என்றார்.

"ஏங்க, நாம ரெண்டு பேருதானே?" என்றாள் சந்திரவல்லி.

அதற்குள் சீட்டு பதிவாகிவிட்டிருந்தது. பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"குழுவில் ஒருவர் குறைந்தாலும் அனுமதி செல்லாது. அருவியின் பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு."

"ஆளு கொறஞ்சா அருவிக்கு என்னங்கய்யா ஆபத்து?"

"இதுவரை ஆபத்து வரவில்லை. விதி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?"

தேவாரத்துச் சம்பந்தி வகையறா, ராசிங்காபுரத்துச் சொந்தங்கள், கடையில் காய் பொறுக்கும் பெண்கள் என்று பஸ்சை நிரப்பினார். ஓர் ஆள் குறைந்தது. சரக்கு வாங்க வந்த வெளியூர்க்காரரையும் ஏற்றிக்கொண்டார்.

வாசலில் அலுவலர் தலை எண்ணினார். "பார்வை நேரம் பதினைந்து நிமிடம். அருவி பின்னால் தெரிய ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துப் பதிவேற்ற வேண்டும். வருகைக்கு அத்தாட்சி."

யாரும் ஆட்சேபிக்கவில்லை. சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நாற்பத்தெட்டுப் பேரும் அருவிக்கு முதுகைக் காட்டிச் சிரித்தார்கள். டவர் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடித்து அலைந்தார்கள். சந்திரவல்லி மெல்லத் திரும்பினாள்.

"அம்மா! உங்க முகம் பதியல. மறுபடி எடுங்க!" என்றார் பூங்கா ஊழியர் ஒருவர்.

எடுத்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"நான் இன்னும் பாக்கலைங்க," என்றாள். வெள்ளைத்துரைக்கு மனசு கேட்கவில்லை.

"அய்யா, இவளுக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிசம்..."

"கருத்துப் பதிவில் தெரிவியுங்கள். மேலிடம் பரிசீலிக்கும்."

வெளிவாசலில் ஒரு திரை. நட்சத்திரம் போட்டால்தான் கதவு திறக்குமாம். சந்திரவல்லி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள். 'காரணத்தை இருநூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதவும்' என்றது திரை.

"வெரசா அஞ்சைப் போடு ஆத்தா, பஸ்சு கெளம்புது!" என்று பின்னாலிருந்து சத்தம். எல்லாரும் போட்டதைத்தான் அவளும் போட்டாள்.

அடுத்த வாரம் பூங்காவின் அறிவிப்பு வந்தது: 'பார்வையாளர்கள் பதினைந்து நிமிடத்திலேயே முழுத் திருப்தி அடைவது ஐயமின்றி நிரூபணமாகியுள்ளதால், இனி ஐந்து நிமிடம் போதுமானது.'

ஆதாரமாக நாற்பத்தெட்டு சிரித்த முகங்களையும் போட்டிருந்தார்கள். முதல் முகம் சந்திரவல்லியுடையது.