டவர் அண்ணனின் மடி

வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை வரத் தாமதமானால்கூடக் கல்யாணத்தைச் சமாளித்துவிடலாம். டவர் அண்ணன் வராவிட்டால் முடியாது. கடைத்தெருவில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். சிக்னலுக்காக நாற்காலி, டிராக்டர், மதில் என்று எதிலாவது ஏறி நிற்பதால் இந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டது என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ கனடாவிலோ இருக்கிற ஊர் எங்களுடையது. அவர்களுக்கு விசேஷங்களை லைவில் காட்டுவது அவர் தொழில். ஆனால் காட்டுவது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "நான் காட்டலை தம்பி. அவங்களைக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்பார்.

அதை அவர் அப்படியே நம்பினார் என்பதுதான் ஊருக்கு வந்த சோதனை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோய்விட்டார். அண்ணன் கையை உயர்த்தி, "இருங்க, கனடா சுத்திக்கிட்டிருக்கு" என்றார். ஐயர், மேளக்காரர், அட்சதையோடு கையை ஓங்கிய சனம் எல்லாம் அப்படியே நின்றது. ஒருவழியாகக் கனடா வந்து சேர்ந்து, "சவுண்டு வரலை" என்றது. மாப்பிள்ளையின் முழங்கையைத் தோழன் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அதே கல்யாணப் பந்தியில், ஷார்ஜா பெரியப்பா தெரிந்த டேப்லெட்டை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து அதற்கும் இலை போடச் சொன்னார் அண்ணன். பரிமாறியவர் பழக்கதோஷத்தில் பாயசத்தை ஊற்றப் போக, பாய்ந்து தடுத்தார்.

"அவருக்கு ஊத்தாதீங்க. சுகர்."

புலம்பெயர்வையும் ஊடகத்தையும் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் தஞ்சாவூரிலிருந்து நோட்டோடு அண்ணனைப் பார்க்க வந்தார். அடிப்படைக் கருத்துகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டுமாம்.

"புலம்பெயர்வுன்னா உங்க பார்வையில என்னங்க?"

"ஒரு வீட்டுல ஆள் மூணு, சார்ஜர் ஏழுன்னா அது புலம்பெயர்வு."

"தாயகம்?"

"லைவ்ல பொண்ணு மாப்பிள்ளையக் காட்டிக்கிட்டிருப்பேன். 'அவங்க கெடக்கட்டும், கேமராவ அந்தப் பக்கம் திருப்புங்க, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா'ம்பாங்க. அந்தப் பக்கம் என்ன இருக்கோ, அதாம்மா தாயகம்."

அந்தப் பெண் மடமடவென்று எழுதிக்கொண்டு போனார். பிறகு ஒரு மாதம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கிடைத்தது, ரீசார்ஜ்தான் ஆகவில்லை.

நான் அப்போது கத்தாரில் இருந்தேன். என் தங்கை மகள் யாழினிக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனுக்கோ லீவு கிடைக்கவில்லை. தங்கையின் மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் சித்தப்பா மகன் ரவி மடியில் குத்திவிடலாம் என்று முடிவு செய்தார். தங்கை போனில் அழுதாள். இந்த ஒரு மடியையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு நான் யார்?

டவர் அண்ணன்தான் வழி சொன்னார். டேப்லெட்டைத் தன் மார்பில் துண்டால் கட்டிக்கொள்வார். அதில் என் முகம் தெரியும். குழந்தை அவர் மடியில் உட்காரும். ஆக, முகம் என்னுடையது, மடி அவருடையது.

"நீ வேட்டி கட்டிக்கிட்டு உக்காரு தம்பி."

"இடுப்புக்குக் கீழ தெரியாதேண்ணே."

"மாமன் மடிதானே முக்கியம்? பேண்ட்டு மடியிலயா காது குத்துறது? வெறும் மடியா உக்காராத, ஒரு தலையணைய வச்சுக்க."

தோஹாவில் அறை நண்பர்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க, வேட்டி கட்டி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயல் நடுவில் இருக்கும் எங்கள் ஐயனார் கோயில் திரையில் வந்தது. காது குத்தும் பத்தர் ஊசியோடு குனிந்தார். அவருடைய மூக்குத் துவாரங்கள் தெரிந்தன. அத்தோடு இணைப்பு போய்விட்டது. பிறகு நடந்ததெல்லாம் தங்கை சொல்லக் கேட்டதுதான்.

நல்ல நேரம் முடியக் கால்மணி நேரமே இருந்தது. "ரவி, நீ வந்து உக்காரு" என்றார் மாமியார். புதுப் பட்டு வேட்டியோடு தயாராக நின்ற ரவி ஓரடி எடுத்து வைத்தான். டவர் அண்ணன் எழுந்தார். யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மார்பில் டேப்லெட்டோடு, வரப்பில் நடக்க ஆரம்பித்தார். பின்னால் பத்தர், அவர் பின்னால் மேளக்காரர்கள், அப்புறம் சீர்த்தட்டுப் பெண்கள். ரவியும் வந்தான். எங்கள் மோட்டார் கொட்டகையின் மேல்தளத்தில்தான் சிக்னல் வந்தது.

"நான் காதுதாங்க குத்துவேன். ஏணியெல்லாம் ஏற மாட்டேன்" என்றார் பத்தர். இரண்டு பேர் கீழேயிருந்து அவரைத் தள்ளி ஏற்றினார்கள்.

"இதெல்லாம் சாத்திரத்துல இருக்கா?" என்று கீழே நின்று கேட்டார் மாமியார்.

"சாத்திரத்துல மாமன் மடின்னுதாங்க இருக்கு. மாமன் தரையில இருக்கணும்னு இல்ல" என்றார் அண்ணன் மேலேயிருந்து.

தோஹாவில் எனக்கு மறுபடியும் மூக்குத் துவாரங்கள் தெரிந்தன, பின்னால் பச்சைப் பசேலென்று சம்பா வயலும். ஊசி இறங்கியது. யாழினி வீறிட்டு, கைக்குக் கிடைத்த கட்டைவிரலை நறுக்கென்று கடித்தாள். அண்ணனும் வீறிட்டார். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். நல்ல நேரம் முடிய இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

அடுத்த வருடம் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். யாழினி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டவர் அண்ணன் மடியில் உட்கார்ந்துகொண்டாள். "மாமா போன்லதான் இருப்பாங்க" என்றாள். வாங்கி வந்த பொம்மையோடு அசடு வழிய நின்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அண்ணன் என்னைக் கொல்லைப்புறத்துக்குப் போகச் சொன்னார். அங்கிருந்து தன் போனுக்கு வீடியோ கால் போட வைத்தார். "மாமா" என்று திரையில் கத்தினாள் யாழினி. "அப்படியே பேசிக்கிட்டே நடந்து வா தம்பி" என்றார். கிணற்றடி, அடுப்படி, கூடம் என்று நடந்து அவள் எதிரில் வந்து நின்றேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து, என் கன்னத்தில் விரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள். நான் நகரவில்லை.

அண்ணன் போனை அணைத்தார். அவர் போனை அணைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. யாழினி மெல்ல என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தலையணையைவிட நல்ல கனம்.

அந்தப் பல்தடம் இன்னும் அவர் கட்டைவிரலில் இருக்கிறது. "உனக்கு விழ வேண்டிய கடி தம்பி இது" என்று பார்க்கும்போதெல்லாம் நீட்டிக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். அந்த விரலைப் பார்க்காமல் நான் கத்தாருக்கு விமானம் ஏறியதில்லை.