பாய்லர் அண்ணாச்சி அழுத்தம் ஏற்றிய கதை

எங்கள் தெருவில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. பாய்லர் அண்ணாச்சிக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டு நாகர்கோவில் திரும்பியவர். எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில், மீட்டர்கேஜில் ஓடிய ஒரு வகை நீராவி இன்ஜினைக் கன்றுக்குட்டி அளவில் செய்தார். செய்துவிட்டுச் சும்மா இருந்தாரா? அந்த வகை இன்ஜின் தன் ஆயுளில் அடைந்த மாற்றங்களையெல்லாம் அதே வரிசையில் இதற்கும் செய்ய ஆரம்பித்தார். முதலில் நீளமான புகைபோக்கி. மாடிவீட்டுத் துணிகள் கறுத்தன. பிறகு ரயில்வேயில் அதைக் குட்டையாக்கினார்களாம்; இவரும் குட்டையாக்க, கீழ்வீட்டுத் துணிகள் கறுத்தன.

தீ மூட்டுமுன் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாக வருவார்.

"சனிக்கிழம சாயங்காலம் தீ போடுகேன். குடும்பத்தோட வரணும், கேட்டியளா."

குடும்பத்தோடு எல்லோரும் கொட்டாரத்துக்கோ குலசேகரத்துக்கோ சொந்தக்காரர் வீடு பார்த்துப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வழி இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவின் கட்டிலுக்கும் அந்த பாய்லருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

அடுத்து பாய்லரின் அழுத்தத்தை ஏற்றப்போவதாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தப் பழைய சேஃப்டி வால்வ முதல்ல மாத்திருங்க."

"அது எப்பிடி மக்கா? ரயில்வேல முதல்ல பிரஷர ஏத்தினாவ, பொறவாக்கும் வால்வ மாத்தினாவ. வரலாற்ற நாம திருத்தப்பிடாது."

அந்தச் சனிக்கிழமை மனசு கேட்காமல் ஷெட் வாசலில் போய் நின்றேன். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மிஞ்சிய ஆவியை வெளியேற்ற வேண்டிய வால்வு திறக்கவில்லை. பாய்லர் முனகியது.

"மக்கா, அப்பாவ எடுத்துட்டு ஓடு." அண்ணாச்சியின் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

"ஒத்தையில தூக்க முடியாது அண்ணாச்சி."

அவர் வாசலைப் பார்த்தார். ஓடியிருக்கலாம். சட்டென்று பாய்லருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே முட்டிபோட்டு, கனன்ற கரியைக் கரண்டியால் வாரி வாரி வெளியே இழுத்தார். கைமுடி கருகும் நாற்றம் வந்தது. முள் இறங்கும்வரை அவர் நகரவில்லை.

பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவனுவ எதுக்கு வால்வ மாத்தினானுவன்னு இப்பதான் தெரியுது மக்கா."

சுவருக்கு அப்பால் அப்பா கேட்டார். "என்னல சத்தம்?"

"ஒண்ணுமில்ல பெரியவரே, ஒரு வால்வு மாத்தணும்" என்றார் அண்ணாச்சி.

புது வால்வு வைத்துத் தீ போட்ட அன்றும் தெரு காலிதான். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். பயம் போகவில்லை. ஆனால் அந்த மனிதரை இனித் தனியாகப் பயப்பட விட எனக்கு மனசு வரவில்லை.