அப்பா கை கொடுக்காத ஞாயிறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது, அப்பாவின் தாடை அசையவில்லை என்பதுதான்.

நலம் விசாரிக்காமல் தாடையில் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தில் இருப்பவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். லாகவெய்டேயில் நாங்கள் நலம், மாடுகளும் நலம். என் பெயர் ஹில்லெகோண்டா, வயது பதினேழு. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டுப் பால் கறக்கிறேன். எழுதுவதற்குத் தொண்டை தேவையில்லை அல்லவா? சபை மூப்பர்களுக்காகத் தாங்கள் நடத்தும் மாத இதழில், "சோர்ந்துபோன போதகரை உங்கள் மூப்பர்கள் எப்படித் தேற்றினார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். என் அப்பா தியூனிஸ் மூப்பர்தான். ஆனால் அவர் எழுதமாட்டார். ஒரு போதகரை அவரைப்போல் தேற்றியவர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பதால் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பிரசங்கம் என்றால் பெப்பர்மின்ட் மிட்டாய். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, போதகர் "ஆகவே பிரியமானவர்களே" என்றதும் ஒன்று. மேடைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முகம் தெரியும்படி போட்டிருக்கும் மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, நரகத்தைப் பற்றிய பிரசங்கத்தைக்கூட அப்பா நிதானமாக மென்றுகொண்டே கேட்டவர். அந்த ஞாயிறன்று போதகர் வெல்டர் ஒரு தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினார்: களைத்துப்போய் ஒரு செடியின் கீழே படுத்து, "போதும், என்னை எடுத்துக்கொள்ளும்" என்று கடவுளிடம் கேட்டவன். கடவுள் அவனைத் திட்டவில்லை, தூங்கவிட்டார், எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தார் என்றார். அப்பா முதல் பெப்பர்மின்ட்டைக் கையில் எடுத்தார், கை வாய்க்குப் போகவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் அந்த மூடிய கைக்குள்ளேயே போனது.

ஆராதனை முடிந்து போதகர் மேடையிலிருந்து இறங்கும்போது அன்றைய முறைக்கான மூப்பர் எழுந்து அவருக்குக் கை கொடுப்பது வழக்கம். நீர் சொன்னது சரி, சபை உம்மோடு நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். அன்று அப்பாவின் முறை. போதகர் கையை நீட்டினார். அப்பா எழுந்தார், வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார், தலையை மட்டும் அசைத்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் போதகர் அந்தக் கையாலேயே தன் காலரைச் சரிசெய்துகொண்டார். ஆர்கன் வாசிப்பவர் பதறி வேறு சங்கீதப் பாடலை ஆரம்பித்துவிட்டார், பாதிப் பேர் அதையும் பாதிப் பேர் பலகையில் எழுதியிருந்ததையும் பாடினார்கள்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் பெரிய நகரத்துச் சபை ஒன்று எங்கள் போதகரைத் தன்னிடம் வரும்படி அழைத்திருந்தது. அவர் போவாரா இருப்பாரா என்று ஊரே காத்திருந்தது. அவர் வந்த நான்கு வருடத்தில் யாரும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அது கஞ்சத்தனம் அல்ல, ஐயா. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் போதகருக்குத் தலைக்கனம் வந்துவிடும், அதற்கு நாங்கள்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரின் மிகப் பெரிய பாராட்டு "மோசமில்லை" என்பது. அதையும் பெரும்பாலும் ஆளை அடக்கம் செய்து முடித்த பிறகுதான் சொல்வோம்.

மத்தியானமே பேக்கரி ஆட்ரியான் வந்துவிட்டார். அவரும் மூப்பர்.

"தியூனிஸ், நீதான்டா ஆம்பள! எனக்கும் அவரு பிரசங்கத்துல ரொம்ப நாளா அதிருப்திதான். எந்த இடத்துல தப்பக் கண்டுபிடிச்ச?"

"தப்பா? எதுல?"

"பாத்தியா, வாயே தொறக்க மாட்டேங்குற! ஆழமான ஆளுப்பா நீ."

அவர் போனதும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, பிரசங்கம் பிடிக்கலையா?"

"பிடிச்சுது."

"அப்புறம் ஏன் கை கொடுக்கல?"

"கை சரியில்ல."

"கைக்கு என்ன?"

"கறக்க நேரமாச்சு" என்று அப்பா தொழுவத்துக்குப் போனார். அப்போது மணி மூன்று. மாடுகளே ஆச்சரியப்பட்டன.

மறுநாள் திங்கள், துவைக்கும் நாள். பின்கட்டில் நான் அப்பாவின் கறுப்புக் கால்சட்டையைக் கையில் எடுத்தபோது போதகர் வந்து சமையலறையில் உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடுவது எங்கள் வழக்கம். அன்று அம்மா மூடவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"மூப்பரே, ஒளிக்காம சொல்லுங்க. நேத்து நான் பேசினதுல எது தப்பு?"

அப்பா காப்பியையே பார்த்தார். காப்பியும் உதவவில்லை.

"பிரசங்கம்... போதுமான அளவுக்கு நீளமா இருந்துச்சு, ஐயா."

அம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். போதகர் "சரி மூப்பரே" என்று மெதுவாக எழுந்து தொப்பியை எடுத்தார். அந்தத் தொப்பி எங்கள் வாசலைத் தாண்டினால் நேராக அந்த நகரத்துக்கே போய்விடும் என்று எனக்குப் பட்டது. என் கையில் கால்சட்டைப் பை வெளியே திரும்ப மறுத்துக்கொண்டிருந்தது. இழுத்தேன், தோல் உரிவதுபோல் வந்தது. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கால்சட்டையை மேசைமேல், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, பையைப் புரட்டிக் காட்டினேன். வெள்ளையாக ஒரு பசை, அதில் நூலும் வைக்கோல் துணுக்கும். சமையலறை முழுவதும் பெப்பர்மின்ட் வாசனை.

"ஐயோ ஹில்லி! போதகர் முன்னாடி பேன்ட்டைக் கொண்டாந்து..." என்று அம்மா பதறினார்.

தொண்டை வழக்கம்போல் அடைத்தது. இருந்தாலும் இரண்டு வார்த்தை வந்தது.

"அப்பா சாப்பிடல."

போதகர் பசையைப் பார்த்தார். தொப்பியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு கூடவா?"

"மூணும்" என்றேன்.

"மூப்பரே," என்றார் போதகர், "நாலு வருஷமா அந்த மேடையில நின்னு நான் பாக்குறதெல்லாம் தாடைங்களத்தான். கடவுள் எனக்கு மனுஷங்களக் கொடுத்தாரா, மாடுங்களக் கொடுத்தாரான்னு ஜெபத்துல கேட்டிருக்கேன்."

"மாடுங்க இதவிடக் கவனமாக் கேக்கும், ஐயா" என்றார் அப்பா. பிறகு, நாங்கள் யாரும் அந்த அறையில் இல்லாததுபோல், தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த வருஷம் வீடு வீடாப் போயி மத்தவங்களுக்காக ஜெபம் பண்றேன். எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. இந்தப் பொறுப்ப விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீங்க சொன்னீங்களே, அந்தச் செடி, அதுக்குக் கீழ படுத்திருந்தது நான்தான். நீங்க பேசி முடிச்சப்ப கை பூரா பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அந்தக் கையப் போயி உங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

எழுந்து போய், பசு ஈனும்போது கன்றை வெளியே இழுக்கப் போகுமுன் கழுவுவதுபோல் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வந்து கையை நீட்டினார்.

"நேத்து கொடுக்க வேண்டியது."

போதகர் பிடித்துக்கொண்டார். அப்பா விடவில்லை. ஆட்டவும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு தொண்டையைச் செருமி, "மோசமில்ல, ஐயா" என்றார். உயிரோடு இருக்கும் ஒருவரிடம் அப்பா அதைச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா டப்பாவை நீட்டி இரண்டாவது பிஸ்கட் எடுக்கச் சொன்னார்.

நேற்று ஞாயிறு, போதகர் தான் எங்களோடேயே இருக்கப்போவதாக அறிவித்தார். பெப்பர்மின்ட் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால், ஒரு தாடைகூட அசையவில்லை. ஆட்ரியான் வாயை இறுக்கியிருந்த விதத்தைப் பார்த்தால் பல்வலி என்றுதான் தோன்றும். எல்லோரும் மிட்டாயைக் கைக்குள் மூடிப் பக்தியோடு கேட்டதன் பலன், சங்கீதப் புத்தகங்கள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன, வாசலில் யாரும் யாருக்கும் கை கொடுக்க முடியவில்லை. எல்லோரும் தலையை அசைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அவ்வளவு மகிழ்ச்சியான ஞாயிறு எங்கள் சபையில் இருந்ததில்லை.

ஆகவே ஆசிரியர் ஐயா, ஒரு போதகரை ஊரில் நிறுத்திவைப்பது எப்படி என்று தங்கள் வாசகர்கள் கேட்டால், லாகவெய்டே மூப்பர் தியூனிஸ் ஒரு கையால் நிறுத்தினார் என்று பெருமையோடு போடலாம். அப்பா பொறுப்பை விடுவதாக இப்போது பேசுவதில்லை. தங்கள் பேனா காயாமலும் தங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் இருக்கட்டும். அம்மா தங்கள் மனைவிக்கு அன்பைச் சொல்லச் சொன்னார், நான் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது என்றாலும் கேட்டால் சொல்லியிருப்பார்.

பணிவுடன்,
ஹில்லெகோண்டா

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இன்று காலை போதகர் வீட்டுக்குப் பால் கொண்டுபோனபோது, அப்பாதான் அவரை இருக்கவைத்தார் என்று தங்களுக்கு எழுதியிருப்பதைத் தைரியமாகச் சொல்லிவிட்டேன். போதகர் சிரித்தார், பிறகு தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஹில்லி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். வரலேன்னு அந்தச் சபைக்கு நான் சனிக்கிழமையே சொல்லி அனுப்பிட்டேன். உங்கப்பா கை கொடுக்காத ஞாயித்துக்கு முந்தின நாளு. அவங்க சபையில அறிவிக்கிற வரைக்கும் இங்க சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"அப்ப திங்கக்கிழமை எதுக்கு வந்தீங்க?"

"இங்கயே இருக்கப் போறவன், என் பிரசங்கத்துல என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? வந்த இடத்துல உங்கப்பா கையப் பிடிச்சாரு. இருக்கேன்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன்னு சொன்னா கைய விட்டுருவாரு. அதான் சொல்லல."

வழக்கமான அளவை அவருடைய பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, மேலே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.