சொந்தமில்லாத ஒருவர் தேவை

ஸ்காபரோ,
சனிக்கிழமை காலை.

அன்பும் மதிப்பும் நிறைந்த கடாட்சம் அண்ணைக்கு, ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா மகன் குலசிங்கம் எழுதிக்கொள்வது.

இங்கே நான், மங்கையற்கரசி, மகள் நிலக்சி மூவரும் சுகம். என்னுடைய பிறஷர் மாத்திரையில் ஒன்றை டொக்டர் குறைத்திருக்கிறார். லண்டனில் குளிர் எப்படி, அண்ணியின் முழங்கால் எப்படி?

மகன் வினோதனுக்கு இங்கே ரொறன்ரோவில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, குடும்பத்தை மெல்ல விசாரித்து எழுது என்று போன மாதம் கடிதம் போட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் சுற்றி மூன்று நிமிடத்தில் எனக்கே திரும்பி வரும் என்று பயந்து, பெயர் விலாசத்தைத் தனித் துண்டில் எழுதி, மடித்து ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். அந்தத் துண்டை நான் இன்னும் பிரிக்கவேயில்லை. கோபிக்க வேண்டாம். நிலக்சியின் படிப்பு விடயத்தில் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

அவள் சினிமாப் படிப்புப் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசித் தவணையில் ஒரு பாடம். சம்பளம் தருவதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லாமல், தானே வேலை தேடி, ஒப்பந்தம் எழுதி, படம் செய்து கொடுத்துப் பிழைப்பதற்குப் பழக்குகிறார்களாம். சோதனை என்னவென்றால், உண்மையான ஒரு கடைக்காரரைப் பிடித்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, மூன்று நிமிட விளம்பரப் படம் ஒன்று செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பட்டம் இல்லை. அந்தக் கடைக்காரர் இரத்தத்தாலோ திருமணத்தாலோ மாணவிக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். சொந்தக்காரர் நன்றி சொல்வார்கள், கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று வாத்தியார் சொன்னாராம். அந்த மனிதருக்கு எங்களைப் பற்றி யார் சொன்னது என்று தெரியவில்லை.

மங்கையற்கரசி படிவத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தஞ்சு வருஷமா கனடாவில இருக்கிறம். சொந்தமில்லாத ஆளுக்கு இனி எங்க போறது?" என்றாள். வெள்ளைக்காரரின் கடைகள் ஏழில் பிள்ளை ஏறி இறங்கினாள். எல்லோரும் முன்பு செய்த படத்தைக் காட்டு என்றார்கள். அந்த முதல் படத்தைச் செய்யத்தானே அவள் படியேறினாள்.

பிறகு திலக்சன் என்று ஒருவர் அகப்பட்டார். வாகனம் ஓட்டப் பழக்குகிறவர், நல்ல மரியாதையான மனுசன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆள் என்பதால், பிள்ளையின் விளக்குகளையும் பெட்டிகளையும் காரில் ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. நிலக்சி கணினியைத் திறந்து ஒப்பந்தத்தை விளக்கினாள். திலக்சன் பேனையைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் எழுதியிருக்கலாம். பேனையைத் தட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். யோசிக்கிற மனுசனைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதையில்லையே என்று, "தம்பி ஊரில எவடம்?" என்று ஒரு சொல்லுத்தான் கேட்டேன். கரவெட்டி என்றார். கரவெட்டியில் எவடம் என்றேன். அவ்வளவுதான் அண்ணை, ஐந்தாவது நிமிடத்தில் அவருடைய அப்பம்மாவும் எங்கள் அம்மாமாரும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று வந்துவிட்டது. "சித்தப்பா!" என்று எழும்பி வந்து கட்டிப் பிடித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் நிலக்சி கணினியை மூடிக்கொண்டிருக்கிறாள். காருக்குள் வந்து, "அப்பா, யூ ஜஸ்ட் கில்ட் மை கிளையன்ட்" என்றாள். மனுசன் உயிரோடு நல்ல சுகமாக இருக்கிறான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இனி யாழ்ப்பாணத்து ஆட்களே வேண்டாம் என்று முடிவு செய்து, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பிடித்தோம். வெங்கட் என்று பெயர், இட்லி மா அரைத்து விற்கிறவர். கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை, நான் எட்டுத் தலைமுறைக்கு யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தத் துணிவில் கையெழுத்துக்கு முதல் நாள் அவரையும் மனைவி பவ்யாவையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். மங்கையற்கரசி நண்டுக் குழம்பு வைத்தாள். மூன்றாம் தரம் சோறு போடும்போது பவ்யா அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அடுத்த நாள் நிலக்சி ஒப்பந்தத்தை நீட்ட, வெங்கட் கும்பிட்டுவிட்டார். "நமக்குள்ள எதுக்கும்மா அக்ரிமெண்ட்? நீ படத்த எடு, அண்ணன் இருக்கேன்ல!" என்றார். எவ்வளவு மன்றாடியும் கையெழுத்துப் போடவில்லை. வாத்தியார் சொன்னது அச்சொட்டாக நடந்தது. இன்றைக்கும் அவர்தான் எங்களுக்கு மா தருகிறார்.

அன்று நிலக்சி அழுதாள். சின்னப் பிள்ளையில் விழுந்து முழங்கால் உரஞ்சினாலும் அழாத பிள்ளை. தவணை முடிய மூன்று கிழமைதான் இருந்தது. நாலு வருடப் படிப்பு என் வாயால் கெடப்போகிறது என்று நினைக்க எனக்கு நெஞ்சு வலித்தது, உண்மையாகவே வலித்தது. மறுநாள் காலை அவள் ஒரு தாளோடு வந்தாள். எனக்கென்று ஒரு ஒப்பந்தம் எழுதியிருந்தாள். படப்பிடிப்பு இடத்தில் ஊர், பகுதி, கோயில், படித்த பள்ளிக்கூடம், தகப்பனின் பெயர் ஆகிய ஐந்தையும் கேட்கமாட்டேன், சாப்பிட வாருங்கள் என்று ஒருவரையும் அழைக்கமாட்டேன். "சொந்தக்காரரோட ஒப்பந்தம் சரிவராது எண்டு உன்ர வாத்தியார்தானே சொன்னவர்?" என்று கேட்டேன். "சைன் பண்ணுங்கோ அப்பா" என்றாள். போட்டேன்.

அதன் பிறகுதான் அஜின்கோர்ட்டில் கிளடிஸ் என்றொரு அம்மாவின் கேக் கடை கிடைத்தது. மூன்று நாள் படப்பிடிப்பு. மூன்று நாளும் நான் மூலையில் கதிரை போட்டு வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் இருந்தேன். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏதோவொரு கடற்கரைப் படம் தொங்குகிறது. எந்தக் கடற்கரை? கேட்கவில்லை. அந்த அம்மா கதைக்கிற இழுப்பில் பாஷையூராக இருக்கலாம், மன்னாராகவும் இருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருந்தால் கண் வேலை செய்யும் அண்ணை. வேலையாட்களுக்குச் சாப்பாடு கொடுத்த பிறகுதான் அந்த அம்மா சாப்பிடுகிறா. மகள் ஒன்று கடையில் நிற்கிறது. நான் கேட்காமலே இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து, "அங்கிள், சீனி போடேல்லை, பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்டது. தகப்பனின் பெயரைக் கேட்க எனக்கு உரிமையில்லை. ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் ஃபோனில் யாரையோ கூப்பிட்டு, "அங்க இப்ப என்ன நேரம்?" என்று சிரித்துக்கொண்டிருக்கும்.

கடைசி நாள் அந்த அம்மா மூன்றாவது தரமாகத் திருத்தம் கேட்டா, கேக் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டுமாம். செய்துவிடுவோம் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. நிலக்சி முந்திக்கொண்டாள். "அன்ரி, ஒப்பந்தத்தில ரெண்டு தரம்தான் இருக்கு. மூண்டாவது வேணுமெண்டால் வேற ஒப்பந்தம் எழுதுவம்" என்றாள், பணிவாக, சிரித்துக்கொண்டு. அந்த அம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி. அப்ப இருக்கிறதே போதும்" என்றா. என் பிள்ளை ஒரு பெரியவருக்கு இல்லை என்று சொல்ல, அந்தப் பெரியவர் கோபிக்காமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தமாக இருந்திருந்தால் இரண்டு குடும்பமும் ஆறு வருடம் கதைத்திருக்காது.

படம் கொடுத்தாயிற்று, படிவத்தில் சொந்தமில்லை என்று நிலக்சியும் அந்த அம்மாவும் கையெழுத்தும் போட்டாயிற்று. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லாத ஒரு தமிழரைக் கண்டுபிடித்த மனநிறைவோடு இதை எழுதுகிறேன். இனி உங்கள் துண்டைப் பிரித்து விசாரணையைத் தொடங்குகிறேன்.

அண்ணி முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்கக் கூடாது. வினோதனுக்கு நல்ல இடத்தில் அமைய எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மங்கையற்கரசி உங்கள் எல்லோரையும் சுகம் கேட்கிறாள்.

அன்புத் தம்பி,
குலசிங்கம்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் உங்கள் துண்டைப் பிரித்தேன். பெண்ணின் தாயார் கிளடிஸ், அஜின்கோர்ட், கேக் கடை என்றிருக்கிறது. தங்கமான குடும்பம் அண்ணை, பிள்ளையும் தங்கம். விசாரிக்காமலே மூன்று நாள் விசாரித்துவிட்டேன். ஊரை மட்டும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போட்டவன். இக்கடிதம் உங்களிடம் வரப் பத்து நாள் செல்லும், நிலக்சிக்கு மார்க்ஸ் வரப் பதினெட்டு நாள். இடையில் இருக்கிற எட்டு நாளும் தயவுசெய்து கலியாணத்துக்குச் சம்மதம், ஓம் என்று ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதுவரைக்கும் எனக்கு லண்டனில் அண்ணை என்று ஒருவரும் இல்லை.